என் பொட்டியில ஓடுச்சே!

2006-ல நடந்த கதை. நண்பர் ஒருத்தரோட கடைக்கு பிஎச்பி-யில ஒரு தளம் எழுதிக் கொடுத்தேன். வீட்டுப் பொட்டியில ஜம்முன்னு ஓடுச்சு. ராத்திரி 11 மணிக்கு வழங்கியில ஏத்தினேன். வெள்ளைப் பக்கம். ஒரு எழுத்து இல்லை. காலையில கடைக்குப் பூஜை போட்டு தளத்தைத் திறக்கறதா ஏற்பாடு வேற! ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் போட்டு, எடுத்த பையனை வாங்கு வாங்குன்னு வாங்கினேன். "என் பொட்டியில ஓடுதுப்பா, உங்க சர்வர்லதான் கோளாறு!"

அந்த வசனத்துக்கு ஒரு வரலாறு இருக்கு மக்களே.

1990. ஜெனீவா பக்கத்துல செர்ன் ஆய்வகம். டிம் பெர்னர்ஸ்-லீ தன்னோட நெக்ஸ்ட் கணினியில உலகத்தின் முதல் வலை வழங்கியை எழுதினார். முதல் உலாவியும் அதே பொட்டியிலதான். யாராவது தெரியாம அணைச்சுடப் போறாங்கன்னு, 'இது வழங்கி, அணைக்காதீங்க'ன்னு சிவப்பு மையில எழுதி ஒட்டியிருந்தார். எழுதின இடமும் ஓடின இடமும் ஒண்ணு. இங்க ஓடுது, அங்க ஓடலைங்கற பேச்சே அவருக்கு இல்லை. அங்கன்னு ஒரு இடமே கிடையாதே!

அப்புறம்தான் ரெண்டும் பிரிஞ்சது. 1995-ல அப்பாச்சியும் பிஎச்பியும் வெளிவந்தன. வழங்கிகள்ல லினக்ஸ், நம்ம வீட்ல விண்டோஸ். அப்பாச்சி, பிஎச்பி, மைஎஸ்கியூஎல் மூணையும் தனித்தனியா நிறுவி, அமைப்புக் கோப்புல மல்லுக்கட்டி ஒண்ணோட ஒண்ணைப் பேச வைக்கறதுக்குள்ள விடிஞ்சுடும். 2002-ல தொடங்கின அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் குழு, எல்லாத்தையும் ஒரே பொதியா எக்ஸாம்ப்னு கொடுத்தாங்க. நிறுவிட்டு உலாவியில 127.0.0.1 தட்டினா, கோரிக்கை பொட்டியை விட்டு வெளியவே போகாது. இணைய இணைப்பே வேண்டாம். என்னை மாதிரி ஆளுங்களுக்கு அது வரப்பிரசாதம்.

ஆனா விண்டோஸ் விண்டோஸ்தானே. கோப்புப் பேர்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை அது கண்டுக்காது. லினக்ஸ் விடாது. நான் கோப்புக்கு வச்ச பேர் பெரிய 'சி'யில ஆரம்பிக்கும், நிரல்ல கூப்பிட்டது சின்ன 'சி'. அவ்வளவுதான் கோளாறு. கண்டுபிடிக்கறப்போ மணி ரெண்டு.

2010-ல வந்த வேக்ரன்ட், வழங்கி மாதிரியே ஒரு மெய்நிகர் கணினியை நம்ம பொட்டிக்குள்ள கிளப்பிக் கொடுத்துச்சு. முழுக் கணினிங்கறதால நினைவகத்தைத் தின்னும். 2013-ல வந்த டாக்கர், நிரலையும் அதுக்கு வேண்டிய சாமான்களையும் ஒரே மூட்டையாக் கட்டிடுச்சு. இங்க ஓடுற மூட்டைதான் அங்கயும் ஓடும். உள்ள லினக்ஸ். அன்னிக்கு அப்படிக் கட்டிப் பார்த்திருந்தா, அந்த வெள்ளைப் பக்கம் வீட்லயே பல்லை இளிச்சிருக்கும். செர்ன்ல ஒண்ணா இருந்ததை மறுபடி ஒட்ட வைக்க இருபது வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு!

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அந்தப் பையன் அன்னிக்கே பொறுமையா, "சார், ஃபைல் பேரை ஒரு தடவை பாருங்க சார்"னு சொன்னான். நான்தான் பட்டுன்னு போனை வச்சேன். திரும்பக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

தம்பி, எங்க இருந்தாலும் மன்னிச்சுக்கோப்பா. கோளாறு என் பொட்டியிலதான்.