தமிழ்நாட்டு ஊராட்சிகளின் பொதுச்செலவு

குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு, ஊர்ச்சாலை போன்ற பணிகளுக்குத் தமிழ்நாட்டின் ஊரக உள்ளாட்சிகள் செய்யும் செலவு. ஒன்றரை நூற்றாண்டில் இதன் தொகை பெரிதும் கூடியது. எதற்குச் செலவிடுவது என ஊரே முடிவெடுக்கும் உரிமை அந்த அளவுக்குக் கூடவில்லை.

1871-ஆம் ஆண்டின் சென்னை மாகாண உள்ளூர் நிதிச் சட்டம், நிலத்தின்மேல் தனி வரி விதித்துச் சாலை, பள்ளி, சுகாதாரம் ஆகியவற்றுக்குச் செலவிட வழிசெய்தது. 1884-இல் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் வந்தன. 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்படி உருவான ஊராட்சி ஒன்றியங்களின் கைக்குத் தொடக்கக் கல்வி வந்தது. 1981-இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டபோது அந்தப் பெரும் பொறுப்பு மாநிலத்துக்குப் போனது. ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்ற பெயர்ப்பலகை மட்டும் இன்றும் ஊர்தோறும் நிற்கிறது.

73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தையொட்டி 1994-இல் புதிய ஊராட்சிச் சட்டம் வந்தது. 1996-இல் தேர்தல் நடந்தது. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் முதலில் 8 விழுக்காடும் பின்னர் 10 விழுக்காடும் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. வீட்டுவரியும் தொழில்வரியும் சிற்றூர்களில் சொற்பமே என்பதால், இந்த மானியம்தான் ஊராட்சியின் மூச்சு.

செலவின் தன்மையும் மாறியது. ஒரு திட்டத்தில் மேல்நிலைத் தொட்டி கட்டுவது ஒருமுறைச் செலவு. அதன்பின் மோட்டாருக்குக் கரண்டு பில், தினமும் வால்வு திறந்துவிடும் தொட்டி இயக்குபவரின் சம்பளம், பிளீச்சிங் பவுடர், மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் கூலி என்று ஆண்டுக்கணக்கில் தொடரும். கோடையில் காயில் கருகினால் ஊரே குடத்தோடு காத்திருக்கும். திட்ட மதிப்பீட்டில் இந்தச் செலவுக்கு இடமிருப்பது அரிது. தொட்டிகளும் விளக்குகளும் பெருகப் பெருக, பராமரிப்பே கையிருப்பை விழுங்குகிறது. தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றியது இதில் ஓரளவு ஆறுதல்.

ஊரின் முடிவுரிமை சுருங்குவதை மத்திய மானியமும் காட்டுகிறது. 14-ஆவது நிதி ஆணையம் (2015–20) ஊரகத்துக்கான தன் மானியம் முழுவதையும் கிராம ஊராட்சிகளுக்கே பரிந்துரைத்தது. 15-ஆவது ஆணையமோ 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைத்தது. மீதி 40 விழுக்காடு ஊரின் தேவைக்கு விடப்பட்டது, ஆனால் சம்பளத்துக்கு அதைத் தொட முடியாதிருந்தது.

2016-இல் நடந்திருக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், ஏனைய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய மானியமும் தடைப்பட்டது. அந்த ஆண்டுகளிலும் மோட்டார் ஓடியாக வேண்டும், விளக்கு எரிந்தாக வேண்டும்.

செலவுக் கணக்கு கிராம சபையில் மக்கள்முன் வைக்கப்படுகிறது. ஆண்டுக்கு நான்காக இருந்த இக்கூட்டங்கள், மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆறாகியுள்ளன.