செடி வளர்ப்பு விளக்கு

செடி வளர்ப்பு விளக்கு என்பது வெயில் எட்டாத இடங்களில் செடிகளின் ஒளிச்சேர்க்கைக்காக எரிக்கப்படும் மின்விளக்கு. இதற்கென்றே தயாராகும் விளக்குகள் உண்டு. வீட்டில் புழங்கும் சாதாரண வெள்ளை எல்இடி பல்பும் டியூப் லைட்டும் இதே வேலையைச் செய்யும். மின்னொளியில் செடி வளருமா என்ற ஆராய்ச்சி பழையது. 1880இலேயே வில்லியம் சீமென்ஸ் இங்கிலாந்தில் ஆர்க் விளக்கைக் கொண்டு செடிகளை வளர்த்துக் காட்டினார். அந்த ஒளியை ஒரு வீட்டுக்குக் கட்டுப்படியாகும் விலையில் தந்தது எல்இடிதான்.

விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம், கண்ணும் இலையும் ஒளியை வேறுவேறு விதமாக அளப்பது. மனிதக் கண்ணுக்கு 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியே மிகப் பிரகாசமாகத் தெரியும். பல்பு அட்டைப்பெட்டியில் அச்சிடப்படும் லூமென் கணக்கும் கண்ணின் இந்தச் சாய்வை வைத்துப் போடப்படுவதே. இலையோ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி முழுவதையும் பயன்படுத்துகிறது. அதற்கு முக்கியம், ஒரு நொடியில் ஒரு சதுர மீட்டரில் எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான்கள் விழுகின்றன என்பது. உச்சி வெயிலில் இந்த அளவு சுமார் 2000. ஜன்னலை விட்டுச் சில அடி உள்ளே வந்தால் சில பத்துகளுக்கு இறங்கிவிடும். கண்மணி விரிந்து ஈடுகட்டுவதால் அறை வெளிச்சமாகவே தோன்றும்; அங்கே வைத்த மிளகாய்ச் செடிக்கு அது அரைப்பட்டினி.

நிறங்களில், நீல ஒளி தண்டைக் கட்டையாகவும் இலையைத் தடிப்பாகவும் வைக்கிறது. சிவப்பு ஒளி ஒளிச்சேர்க்கைக்கு மிகத் திறமையாக உதவுகிறது. 700 நானோமீட்டரைத் தாண்டிய தொலைசிவப்பு மிகுந்தால், பக்கத்துச் செடியின் நிழலில் நிற்பதாக உணர்ந்து செடி நெட்டையாக ஓடும். பச்சை ஒளி செடிக்குப் பயன்படாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது; அது தவறு. 1972இல் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலைகளை அளந்து, பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கையைக் கணிசமாக நடத்துவதைக் காட்டினார். மேலிலை முழுவதும் விழுங்கிவிடாத பச்சை ஒளி கீழிலைகள்வரை இறங்குகிறது என்பது கூடுதல் பயன்.

ஆகவே சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த ஊதா நிற விளக்குகளுக்கு விளம்பரம் தரும் மதிப்பை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அவற்றில் செடி வளரும் என்பது உண்மை. ஆனால் அந்த ஒளியில் இலை கறுத்துத் தெரிவதால் சத்துக்குறைவின் மஞ்சளும் நோயின் புள்ளிகளும் கண்ணில் படுவதில்லை. கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் எரிச்சல். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ‘வெஜ்ஜி’ செடிப்பெட்டியில் சிவப்பு, நீலத்தோடு பச்சை எல்இடியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2015 ஆகஸ்டில் விண்வெளி வீரர்கள் தின்ற சிவப்பு லெட்யூஸ் அதில் விளைந்ததே.

வீட்டுக்கு வெள்ளை எல்இடி போதும். 6500 கெல்வின் என்று குறித்த ‘கூல் டேலைட்’ பல்பில் நீலம் அதிகம். நாற்றுக்கும் கீரைக்கும் ஏற்றது. 3000 கெல்வினை ஒட்டிய ‘வார்ம் ஒயிட்’ பல்பில் சிவப்பு அதிகம். பூத்துக் காய்க்கும் செடிக்கு இரண்டையும் கலந்து மாட்டலாம், அல்லது 4000 கெல்வின் வகையை வாங்கலாம். பழைய குண்டு பல்பு மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடுவதோடு செடியை நெட்டையாக்கும் என்பதால் விலக்கத்தக்கது. டியூப் லைட்டும் சிஎஃப்எல்லும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உள்ளே பாதரசம் உண்டு. பசுமைக்குடில்களில் தொங்கும் சோடியம் விளக்கு வீட்டுக்குள் வைக்கத் தக்கதல்ல. அதன் சூடு அவ்வளவு.

எத்தனை வாட் வேண்டும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். சுமார் 900 லூமென் தரும் 9 வாட் வெள்ளை எல்இடி பல்பு நொடிக்கு ஏறத்தாழ 13 மைக்ரோமோல் ஃபோட்டான்களை வெளியிடும். அவ்வளவும் ஒரு சதுர அடியில் விழுந்தால் சதுர மீட்டர் கணக்கில் 140 கிடைக்கும். பக்கவாட்டில் சிதறுவதைக் கழித்தால் கைக்கு வருவது 70 முதல் 100. மணி பிளான்ட், சான்சிவேரியா போன்ற நிழல் செடிகளுக்கு இது தாராளம். முளைக்கீரை நாற்றுக்கு ஓரளவு போதும். லெட்யூஸுக்கு 200க்கு மேல் வேண்டும். தக்காளி, மிளகாய், கத்தரி காய்க்க 400க்கும் மேல் தேவை. அதாவது சதுர அடிக்கு இத்தகைய பல்புகள் நான்கு, ஐந்து. நான்கு பல்புகள் தினம் 14 மணி நேரம் எரிந்தால் அரை யூனிட் செலவாகும், மாதத்துக்கு 15 யூனிட். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், வீட்டுக்குள் விளக்கொளியில் கீரை வளர்ப்பது நியாயம், கத்தரிக்காய் வளர்ப்பது ஆசைக்கு மட்டும் என்றே சொல்ல வேண்டும்.

பல்பு இருக்கும் தூரம் வாட்டைப் போலவே முக்கியம். சிறிய விளக்கிலிருந்து தூரம் இரட்டிப்பானால் ஒளி ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகிறது. கூரையில் மாட்டிய பல்பு செடிக்கு அநேகமாக உதவாது. இலை நுனியிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில், மேலே ஒரு வெள்ளைக் கவிப்போடு தொங்கவிட்டு, செடி வளர வளர உயர்த்த வேண்டும். தண்டு மெலிந்து நீண்டு, கணுக்களுக்கிடையே இடைவெளி கூடினால் ஒளி போதவில்லை. மேலிலைகள் மட்டும் வெளுத்தால் விளக்கு மிக நெருங்கிவிட்டது.

இலைச் செடிகளுக்கு நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேர ஒளி வழக்கம். ஒளி குறைவாக இருந்தால் நேரத்தைக் கூட்டி ஓரளவு ஈடுகட்டலாம். அதற்காக நாள் முழுவதும் எரியவிடக் கூடாது. இடைவிடாத ஒளியில் தக்காளியின் இலைகள் மஞ்சளித்துச் சேதமாகும். பூக்கும் செடிகள் பலவற்றில் இருட்டின் நீளமே பருவத்தைத் தீர்மானிக்கும். சாமந்தி நீண்ட இரவில்தான் மொட்டு விடும். நள்ளிரவில் சிறிது நேரம் பல்பு எரிந்தாலே பூப்பது தள்ளிப்போகும். டிராகன் பழச் செடி இதற்கு நேர்மாறு. வியட்நாமின் பின்துவான் பகுதியில் தோட்டம் முழுக்க இரவில் பல்பெரித்து, பருவமில்லாக் காலத்தில் அதைப் பூக்க வைக்கிறார்கள். வீட்டில், சில நூறு ரூபாய் டைமர் ஒன்று இந்த ஒழுங்கைக் காத்துவிடும்.

செடிக்கென்று விற்கும் பல்புகள் பலவும் திருகு வகை இ27 அடியோடு வருகின்றன. இந்திய வீடுகளில் உள்ள ஹோல்டரோ பெரும்பாலும் பின் செருகும் பி22 வகை என்பதால், வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் தெளிக்கும் இடத்தில் ஒயரும் பிளக்கும் நனையாத உயரத்தில் இருக்க வேண்டும். எல்இடியின் ஆயுள் என்று பெட்டியில் போடும் 25,000 மணி நேரம் தினம் 14 மணி எரிந்தால் ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவு. பொதுவாக அது பல்பு அணையும் காலத்தைக் குறிப்பதில்லை, ஒளி 70 சதவீதமாகத் தேயும் காலத்தையே குறிக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் செடிக்குப் புதுப் பல்பு போட்டுவிட்டு, பழையதை வராந்தாவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.