கூந்தலைப் பின்னிய கைகள்

தமிழ் இலக்கியத்திலே பெண்ணின் கூந்தலைப் பாடாத காலம் இல்லை எனலாம். சங்கப் புலவர் அதனை ஐம்பால் என்று வழங்கினர். ஐந்து வகையாக ஒப்பனை செய்யப்படுவதால் இப்பெயர் வந்தது என்பர் உரைகாரர். உச்சியில் முடிப்பது முடி. பக்கத்தில் முடிப்பது கொண்டை. சுருட்டி முடிப்பது குழல். பின்னே செருகுவது சுருள். பின்னி விடுவது பனிச்சை. அளகம், துஞ்சை என்பவற்றைச் சேர்த்துக் கூறும் வேறு பட்டியலும் உண்டு. எவ்வாறாயினும், இன்று நம் வீடுகளிலே தாய் மகளுக்குப் பழக்கும் பின்னல் மிகப் பழைய கைத்தொழில் என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தொழிலை யார் யாருக்கு, எவ்வாறு பழக்கினர் என்று கேட்டால், நம் நூல்கள் வாய் திறப்பதில்லை.

திருவிளையாடற் புராணம் கூறும் தருமியின் கதையை யாவரும் அறிவர். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலே மணம் உண்டோ, இல்லையோ என்பது அங்கே வழக்கு. பாண்டியன் சபை கூடுகிறது, நக்கீரர் வாதிடுகிறார், இறைவனே வந்து நெற்றிக்கண்ணைத் திறக்கிறான். ஆயினும் நாள்தோறும் கூந்தலுக்கு எண்ணெய் பூசிச் சிக்கெடுத்து வாரி முடித்த பெண் ஒருத்தியை அழைத்துக் கேட்கவேண்டும் என்று அச்சபையிலே எவருக்கும் தோன்றவில்லை. கூந்தலைப் பற்றிய நமது எழுத்து வரலாறு பெரும்பாலும் இத்தகையதே. கண்டவர் எழுதினர், செய்தவர் எழுதவில்லை.

செய்தவரின் அறிவு எத்தகையது? சிக்கெடுக்கும்போது நுனியிலே தொடங்கி மேல்நோக்கிச் செல்லவேண்டும். வேரிலே தொடங்கினால் மயிர் அறும். வாரிய கூந்தலை மூன்று சம புரிகளாகப் பிரித்து, வலப்புரியை நடுப்புரியின்மேல் இட்டு, பின் இடப்புரியை அவ்வாறே இட்டு, மாறி மாறிச் செல்லவேண்டும். ஒரு புரி தளர்ந்தால் பின்னல் ஒருபுறம் கோணும். மிக இறுகினால் தலை நோகும். சிறுமி இதனை முதலிலே தங்கையின் தலையிற் பழகுகிறாள். தன் தலையிற் பின்ன முனையும்போதோ கைகள் முதுகுப்புறம் செல்கின்றன. கண் உதவாது, விரல்களே காணவேண்டும். மயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளர்வது. ஆகவே இடையளவு கூந்தல் என்பது ஆறேழு ஆண்டுகளின் பராமரிப்பு.

யாழ்ப்பாணத்தார் இதனைத் தலை இழுத்தல் என்பர். கூந்தலுக்கு வழங்கும் பின்னுதல் என்ற சொல்லே கிடுகுக்கும் வழங்குவதை நாம் கவனிக்கவேண்டும். பகலிலே தென்னோலையைப் பின்னிய கைகளே மாலையிலே மகளின் தலையையும் பின்னின. நீண்ட பின்னலுக்கு எண்ணெயும் ஓய்வும் வேண்டும். வயலிலும் தோட்டத்திலும் நாள் முழுதும் குனிந்து நின்றவளுக்கு அவை எளிதிற் கிடைக்கவில்லை. அள்ளிச் செருகிய கொண்டையே அவளுக்கு வாய்த்தது. பாடப்பட்ட அழகுக்குப் பின்னாலும் வர்க்கம் இருந்தது.

இன்னொரு கொடுமையும் உண்டு. கணவன் இறந்ததும் மனைவியின் கூந்தல் கொய்யப்பட்டமைக்குப் புறநானூற்றின் 25, 250, 261 ஆம் பாடல்கள் சான்று. பிற்காலத்திலும், குறிப்பாகப் பிராமணக் குடும்பங்களிலே, இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. தாய் ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பின்னிய கூந்தலைச் சமுதாயம் ஒரே நாளில் மழித்தது. கூந்தல் யாருடையது என்ற கேள்விக்கு அச்சமுதாயம் அளித்த விடை அதுவே.

இவ்விடை மாறுவதற்குக் கல்வி பெருங்காரணமாயிற்று. 1824இல் உடுவிலிலே அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை அமைத்தனர். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் ஏழை வீட்டுப் பெண்களும் பெருந்தொகையாகப் பாடசாலை செல்லத் தொடங்கினர். மலையகத் தோட்டப் பாடசாலைகளோ 1970களில் அரசு பொறுப்பேற்கும்வரை காத்திருக்க நேர்ந்தது. நாடா கட்டிய இரட்டைப் பின்னல் நம் நாட்டிலே மாணவியின் அடையாளமாயிற்று. அதிலும் கட்டளை இல்லாமலில்லை. எனினும் கைம்பெண்ணின் தலையை மழித்த கட்டளைக்கும் இதற்கும் இடையே நெடுந்தூரம் உண்டு.

அந்த இரட்டைப் பின்னல்களை இட்டவர் யார்? அவர்களுட் பலர் பள்ளிப்படி மிதியாத தாய்மார்; பேர்த்தியை மடியருகே இருத்திக்கொண்ட பாட்டிமார். எழுதப்படிக்கத் தெரியாத கைகள், எழுதச் செல்லும் பிள்ளையை விடியற்காலையிலே ஆயத்தப்படுத்தின. இந்த நாட்டிலே பெண்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் மிஷனரிமாரையும் மந்திரிமாரையும் குறிப்பிடுகின்றனர், குறிப்பிடத்தான் வேண்டும். ஆனால் இத்தாய்மாரை விட்டுவிட்டு எழுதும் வரலாறு முழுமையாகாது. அவர்களிடம் கேட்டறிய வேண்டியவற்றை அவர்கள் வாழும்போதே கேட்டு எழுதிவைப்பது, அவர்கள் தலைவாரி அனுப்பியதால் எழுத்தறிந்த நமது கடமையாகும்.