ஹாரன் எந்தப் பக்கம்? இரண்டு காதும் சேர்ந்து போடும் கணக்கு

ஹைதராபாத் அமீர்பேட் மெட்ரோ நிலையத்துக்குக் கீழே சாலையைக் கடக்க நிற்கிறீர்கள். திடீரென ஒரு ஹாரன். வண்டியைப் பார்க்கும் முன்பே தலை அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. எப்படி?

நேர வித்தியாசம்

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். வலப்பக்கச் சத்தம் வலது காதுக்கு முதலில் வரும். இடது காதை எட்ட அதிகபட்சம் 0.7 மில்லி விநாடி போலத் தாமதமாகும். அந்தத் துளி இடைவெளியே மூளைக்குப் போதும். சுமார் 1,500 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளுக்கு இதுதான் முக்கியத் துப்பு.

சத்த வித்தியாசம்

கீச்சொலியைத் தலையே மறைத்துவிடும். மறுபக்கக் காதில் சத்தம் குறையும். இரண்டு துப்புகளையும் சேர்த்து 1907-ல் விளக்கியவர் பிரிட்டன் இயற்பியலாளர் லார்ட் ரேலி.

முன்னாலா, பின்னாலா?

நேர் முன்னாலோ பின்னாலோ வந்தால் இரண்டு காதுக்கும் வித்தியாசமே இருக்காது. அங்கே காது மடலின் மடிப்புகள் உதவும். குழப்பமா? தலையை லேசாகத் திருப்பினால் தெரிந்துவிடும். மெட்ரோ தூண்களில் பட்டு எதிரொலித்தாலும், முதலில் வந்த ஒலியின் திசையையே மூளை பெரும்பாலும் நம்பும்.

ஒரு காதில் மட்டும் இயர்போன் இருந்தால்?

ஹாரன் கேட்கும், திசைதான் குழம்பும். ஒரு காது கேட்காதவர்களுக்கு இது அன்றாடச் சிக்கல். நீங்களோ சாலையைக் கடக்கும்வரை கழற்றி வைத்தால் போதும்.