நன்னூலிற் பாடங்கேட்டல் முறை

கல்வியாவது ஆசிரியன் கூறியதை ஒப்பித்தல் மாத்திரையன்று; தான் அறிந்தது இஃது, அறியாதது இஃது என மாணாக்கன் தன்னறிவைத் தானே அளந்து காண்டலுமாம் என்பது இக்காலக் கல்வியாளர் பெரிதும் வற்புறுத்துங் கொள்கை. அமெரிக்க நாட்டுப் பெஞ்சமின் புளூம் என்பார் 1956-ஆம் ஆண்டில் நினைவிற்கோடல் முதலாக மதிப்பிடுதல் ஈறாக அறிவின் தொழிலைப் படிப்படியாக வகுத்தார். ஜான் ஃபிளேவல் என்பார் 1970-களில், தன் அறிவைத் தான் அறிதலென்பதற்குத் தனிப்பெயரிட்டு ஆராய்ந்தார். நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் நெட்டுருவைக் குறைத்துச் சிந்தனையை வளர்க்க வேண்டுமென்றது. இவை கண்டு, தமிழர் பழைய கல்வி வெறும் நெட்டுருவே என இகழ்வாரும் உளர். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உருப்போட்டமை உண்மையே. ஆயினும் அதுவே முழுதும் என்பார், நன்னூற் பொதுப்பாயிரத்தை நோக்காதவரே.

நன்னூலார் பவணந்தி முனிவர் சமண சமயத்தவர். மூன்றாங் குலோத்துங்க சோழன் காலத்துச் சீயகங்கன் வேண்ட அந்நூலை இயற்றினார். அவரது சனகை கொங்குநாட்டுச் சீனாபுரமே என்று கொங்கர் கொள்வர்; வேறு கூறுவாரும் உளர். சமண முனிவர் நூலாயினும் சைவ மடங்களில் அதுவே இலக்கணப் பாடமாயிற்று. சங்கர நமச்சிவாயப் புலவர் உரை கண்டார். 1785-இற் பரிபூரணமெய்திய மாதவச் சிவஞான முனிவர் அவ்வுரையைத் திருத்தி விளக்கினார். நல்லதெனின் எவரிடத்தும் கொள்ளுதல் நம் பெரியோர் இயல்பு.

பாயிரத்துள் நூலென்னும் பெயர்க்குப் பவணந்தியார் கூறும் உவமை நூற்பாரிடத்து எடுத்தது: சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் மங்கை, வாய் அவள் கை, மதியே கதிர். நொய்யற்கரைச் சாமளாபுரம் முதலிய ஊர்களில் நூற்பாலையொலியும் தறியொலியுங் கேட்டு வளரும் பிள்ளைகட்கு இவ்வுவமை உரையின்றியே விளங்கும். கதிர் சுழலாவிடின் பஞ்சு எத்துணை குவிந்து கிடப்பினும் இழையாகாது. மற்றோருவமை தச்சனது நூல். மரத்தின் கோணலைக் காட்டித் தீர்ப்பது அது. அவ்வாறே மனத்தின் கோணலைத் தீர்ப்பது கல்வி நூல் என்றார். கோணலைக் கண்டாலன்றி அதனைத் தீர்த்தல் எங்ஙனம்?

இனிக் கல்வி நிரம்பும் அளவை அவர் பகுத்த திறம் வியக்கத்தக்கது. ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டாலும் கிடைப்பது காற்பங்கே. உடன்பயில்வாரோடு பழகி ஆராய்தலால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்குத் தான் செவ்வனே எடுத்துரைத்தலால் வருவது. பிறர்க்குரைக்கப் புகுந்தவழியே தன் அறிவில் ஓட்டை எங்குள்ளதென்பது தெரியும்.

மூத்த பிள்ளைகள் இளையோர்க்குக் கற்பிக்கும் வழக்கம் நம் நாட்டுப் பள்ளிகளில் இருந்தது. மணலில் எழுதிப் பழகும் நாட்டுப் பிள்ளைகளைக் கண்ட ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார், சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியில் மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பித்து, அதனை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அம்முறை இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஆயின் அங்கு விரும்பப்பட்டது பெரும்பாலும் அதன் செலவுச் சுருக்கமே. நன்னூலார் கருதியதோ கற்பிப்பவன் பெறும் புலமை.

அது மெய்யாதல் திருவாவடுதுறையிற் காணலாம். 1876-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிவபதமடைந்தபின், அவர் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர் மடத்து மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லிக்கொண்டே சுப்பிரமணிய தேசிகரிடத்துத் தாமும் பாடங் கேட்டார். 1880-இற் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தபோது அவர் புலமை முதிர்ந்திருந்தமைக்கு இவ்விருவகைப் பயிற்சியும் காரணமாம்.

வினாவும் அறுவகைத்து என்பது இலக்கணம்: அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல். இவற்றைப் பள்ளிகளில் தேர்வின்பொருட்டு உருப்போடுவிக்கின்றனர். வினாவின் இலக்கணத்தையே வினாவாது கற்பித்தல் வேடிக்கையன்றோ! ஆசிரியன் தான் அறிந்ததனையே மாணாக்கன் நிலையறியக் கேட்பது அறிவினா. மாணாக்கனுக்குச் சிறந்தவை அறியாவினாவும் ஐயவினாவும். தன் அறியாமையைத் தான் காணாதவனுக்கு அறியாவினா எழாது; இருபக்கமும் தூக்கி நோக்காதவனுக்கு ஐயவினா பிறவாது. சாமளாபுரத்து வகுப்பொன்றில், பாடம் முடிந்தவுடன் மாணாக்கர் ஒவ்வொருவரும் தமக்கு விளங்காத ஒன்றையேனும் எழுதி, பக்கத்திருப்பவரிடம் அதனை ஆராய்க என ஆசிரியர் பணிப்பாராயின், அதற்குப் பொருட்செலவு யாதுமில்லை.

சித்தாந்த மரபின் பெருநிகழ்ச்சியும் ஒரு வினாவினின்றே தோன்றியது. சகலாகம பண்டிதரென்னும் புகழுடைய அருணந்தியார், இளம்பருவத்தினராகிய மெய்கண்டார் மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லுமிடத்துச் சென்று, ஆணவமலத்தின் உருவம் யாதென வினாவினார் என்பது வரலாறு. மெய்கண்டார் விடை கூறிற்றிலர். வினாவியவரையே அடிமுதல் முடிவரை நோக்கினார். வினாவியவர் தம்மைத் தாமே கண்டார், மாணாக்கருமாயினார். பின்னர்ச் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்துள், பதினான்கு மதத்தார் கொள்கைகளையும் முதலில் அவரவர் கூற்றாகவே நிறுத்தி, அதன்பின்னரே மறுத்தார். இருபா இருபது என்னும் நூலிலோ, ஞானாசிரியரை முன்னிலைப்படுத்தி வினாமேல் வினாவாகத் தொடுத்தார்.