ஏற்காட்டுப் பெயர்களில் பதிந்த இரு செவிகள்

சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தியதைத் தொடர்ந்து, மலையாளிகள் எனப்படும் தமிழ் பேசும் மலைவாழ் மக்களும், தோட்ட வேலைக்கு அமர்ந்தோரும், ஆங்கிலத் துரைமாரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு அறிய வேண்டிய நிலை அங்கே உருவாயிற்று. அந்நாளைய பேச்சு ஒலிநாடாவில் இல்லை. ஆயினும் நிலப்படத்தில் ஏறிய பெயர்களும் தோட்டத்தில் வழங்கிய சொற்களும், ஒரு மொழியில் பழகிய செவி மற்றொரு மொழியை எவ்வாறு வாங்கிக்கொண்டது என்பதற்குச் சான்றாக எஞ்சியுள்ளன.

ஏற்காட்டின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒய் எழுத்தில் தொடங்குகிறது. சொல்முதல் ஏகாரத்துக்கு முன் மெல்லிய யகரச் சாயல் தோன்றுவது தமிழ்ப் பேச்சின் இயல்பு. தமிழ் எழுத்து அதைக் காட்டாது, தமிழரும் அதைக் கவனிப்பதில்லை, ஆனால் அயலார் செவியில் அது தனி ஒலியாக விழுந்தது. ஏலகிரிக்கும் இதுவே நேர்ந்தது. துரைமார் ஊர்ப்பெயர்களைச் சிதைத்தனர் என்று பொதுவாகக் கூறப்படும் குற்றச்சாட்டு இங்கே முழுதும் பொருந்தாது. சேர்வராயன் ஷெவராய் ஆனபோது ரகர மெய் ஒன்று கழன்றது என்பது வேறு.

பெயரின் இறுதியிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. 'பட்டு' என்பதில் குரல்நாண் அதிராமலும் 'காடு' என்பதில் அதிர்ந்தும் ஒலிப்பவை தமிழருக்கு ஒரே டகரம். அதாவது, பொருளை வேறுபடுத்தும் அடிப்படை ஒலியாகிய ஒலியன் ஒன்றின் இரு வடிவங்கள். ஆங்கிலத்தில் அவை தனித்தனி ஒலியன்கள். ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தையும் இருபதாம் எழுத்தையும் தமிழில் எழுத முயன்றால் இரண்டும் 'டி' என்றே முடிகின்றன! இவ்வதிர்வு மாற்றத்தை இடத்துக்கேற்ப அமையும் விதியாக 1856இல் விளக்கியவர் திராவிட மொழி ஆய்வாளர் கால்டுவெல்.

'காப்பி' என்ற சொல்லிலும் இவ்விதி செயற்படுகிறது. எந்த ஐரோப்பிய மொழி வழியாக அச்சொல் வந்திருந்தாலும், அதன் நடுவே இருந்தது பல்லும் உதடும் உரசி எழும் அதிரா ஒலி. தமிழில் அதற்கு நெருங்கியது பகரம். ஒற்றைப் பகரம் உயிர்களுக்கிடையே அதிர்ந்து நெகிழும் என்பதால், அதிராத தன்மையைக் காக்கப் பகரம் இரட்டித்தது.

செவியின் இத்தகைய செயலை, 1939இல் வெளிவந்த நூலில் மொழியியலாளர் துருபெட்ஸ்கோய் தாய்மொழி என்னும் சல்லடையாக உருவகித்தார். அது எப்போது அமைகிறது என்பதை உளவியலாளர்கள் வெர்க்கரும் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாத வயதில் இந்தியின் தகர, டகர வேறுபாட்டை உணர்ந்தனர், பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அத்திறன் பெரிதும் குன்றியது.

1917இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளி போன்ற உறைவிடப் பள்ளிகள், இம்மலையில் ஆங்கிலத்தை நாள்முழுதும் புழங்கும் மொழியாக்கின. அத்தகைய சூழலில் பயில்வோருக்கு முற்றிலும் புதிய ஒலியைவிடத் தாய்மொழி ஒலியை ஒத்திருப்பதே நாளடைவில் கடினமாகும் என்பது பேச்சொலி ஆய்வாளர் பிளெகே 1995இல் விரித்துரைத்த கோட்பாடு. 'எஸ்டேட்' என்பதன் ஈற்றில் வரும் ஆங்கில ஒலி, நாநுனி பல்லீறைத் தொடுவதால், தமிழின் தகரத்துக்கும் டகரத்துக்கும் இடையே பிறக்கிறது. அது டகரத்தை ஒத்திருப்பதாலேயே, ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசும் தமிழர் பலரும் அதை நாவை மடித்தே ஒலிக்கின்றனர்.