வங்கக் கடற் பயணமும் வன்புயலும்

கடற் பயணம் என்றதும் சோழர் கலங்களையும் கடாரத்தையும் நினைந்து பெருமிதம் கொள்வது நம் வழக்கம். விழா மேடைகளில் ஆண்டுதோறும் அப்பெருமையைக் கேட்டு மகிழ்கிறோம், மகிழ வேண்டியதுதான். ஆயினும் அக்கலங்களில் ஏறியவருள் எத்தனை பேர் தலை சுற்றிக் குடல் புரண்டு, கரை சேர்ந்தால் போதும் என்று குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டனர் என்பதை எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. திரைகடல் ஓடச் சொன்ன ஔவை மூதாட்டியும் எந்த மாதத்தில் ஓடுவது என்று சொல்லாமல் விட்டார். மாதமே இங்கு முக்கியம். வங்கக் கடலில் ஏப்ரல், மே மாதங்களிலும், மீண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் புயல்கள் மிகுதி. மாலுமிகள் அஞ்சிய அந்தக் காலங்களில்தான் தீர்த்த யாத்திரையும், பிழைப்புத் தேடிய பயணமும், திரும்பி வரும் பயணமும் நடந்தாக வேண்டியிருந்தது.

கடல் மயக்கம் அச்சத்தால் வருவதன்று. உட்செவியில் உடலின் சமநிலையை உணரும் உறுப்பொன்று உள்ளது. கப்பல் ஆடுகிறது என்று அது கூறுகையில், அறைக்குள் இருப்பவனுடைய கண், சுவரும் கட்டிலும் அசையாமல் நிற்கின்றன என்று கூறுகிறது. இவ்விரு சாட்சிகளும் முரண்பட, தண்டனையை வயிறு அனுபவிக்கிறது. ஆகவேதான் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்திருப்பதும், ஆட்டம் குறைந்த கப்பலின் நடுப்பகுதியில் படுத்திருப்பதும் பழைய மருந்துகளாயின. ஆங்கிலேயரின் கடற்படை வீரர் நெல்சனையே இம்மயக்கம் விட்டுவைக்கவில்லை. உயிரியல் மேதை டார்வின் 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றிய பயணம் முழுதும் இதனால் வாடினார்.

இன்னொன்றும் கூற வேண்டும். புயல் தோன்றுமிடத்தில் எழும் நெடிய அலைகள் புயலைவிட விரைந்து ஓடி, வானம் தெளிந்திருக்கும்போதே பல நூறு மைல் தொலைவில் உள்ள கப்பலை வந்து ஆட்டத் தொடங்கும். காற்றில்லை, மழையில்லை, ஆயினும் பயணிகள் ஒவ்வொருவராகப் படுக்கையில் சாய்கின்றனர் என்றால் அனுபவமுள்ள தலைவன் வானிலைமானியை நோக்குவான்.

1896-ஆம் ஆண்டு டிசம்பரில் காந்தியடிகள் குடும்பத்துடன் 'கூர்லண்ட்' என்னும் கப்பலில் பம்பாயிலிருந்து தென்னாப்பிரிக்கா சென்றார். நேட்டால் இன்னும் நான்கு நாள் தொலைவில் இருக்கையில் பெரும் காற்று கப்பலைப் பிடித்துக்கொண்டது. ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் பயணிகள் மதவேறுபாடு மறந்து ஒன்றாக இறைவனை வேண்டினர். கடல் மயக்கம் அடிகளை அண்டாது; எனவே அவர் பயணிகளிடையே நடமாடித் தேறுதல் கூறிக் கப்பல் தலைவரின் செய்திகளை அவர்களுக்குக் கொண்டுவந்து தந்தார். வானம் வெளுத்ததும் இறைவனை மறந்து விருந்திலும் பாட்டிலும் எல்லாரும் முன்போல் இறங்கிவிட்டதைத் தம் வரலாற்றில் அவர் சிறு நகையோடு எழுதியுள்ளார்.

மயக்கத்தை வெல்ல முயன்றோரும் உண்டு. எஃகு செய்யும் முறையால் இருப்புப் பாதைகளின் வரலாற்றையே மாற்றிய ஹென்றி பெஸ்ஸெமர், 1868-ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடக்கையில் கடும் மயக்கத்துக்கு ஆளானார். கப்பல் எப்படி ஆடினாலும் தளம் மட்டமாகவே நிற்குமாறு, அச்சுகளில் தொங்கும் ஒரு கூடத்தை அமைத்து ஒரு கப்பலையே கட்டினார். மட்டப் பலகையைப் பார்த்து ஒருவர் நீரழுத்த விசையால் கூடத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 1875-இல் அக்கப்பல் கலே துறைமுகத் தூணிலேயே மோதிற்று. திட்டமும் அத்துடன் முடிந்தது. தண்டவாளத்தை உறுதியாக்கியவருக்குக் கடல் இணங்கவில்லை.

கடலின் ஆட்டத்தை நிறுத்த முயலாது, அது வரும் வழியை அறிந்து விலகிச் செல்லக் கற்பித்தவர் ஒருவர் உண்டு. அவர் வாழ்ந்தது நாம் குடியேறி வாழும் இந்தக் கல்கத்தா நகரிலேயே. ஹென்றி பிடிங்டன் என்பது அவர் பெயர். ஆங்கில வணிகக் கப்பல்களில் தலைவராக இருந்து, பின் இங்கு நிலைத்து, கடல் விபத்து விசாரணை மன்றத்தின் தலைவரானவர். வில்லியம் ரீட் என்பார் 1838-இல் வெளியிட்ட புயல் நூலால் ஊக்கம் பெற்று, துறைமுகம் சேர்ந்த கப்பல்களின் நாட்குறிப்பேடுகளைத் திரட்டத் தொடங்கினார். எந்த மணியில் எத்திசைக் காற்று, வானிலைமானி எவ்வளவு இறங்கிற்று, பாய்மரம் எப்போது முறிந்தது என்பவற்றை ஏடு ஏடாக ஒப்பிட்டு வரைபடத்தில் குறித்தார். ஒரு வகையில் இது குமாஸ்தா வேலைதான். அவ்வேலையைத் தாழ்வாக எண்ணுவோர் இவரைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். ஆசியக் கழகத்தின் இதழில் இவர் எழுதிய புயல் ஆய்வுரைகள் இருபதுக்கு மேல்.

அவர் ஆராய்ந்த ஏடுகளுள் 'சார்லஸ் ஹெடில்' என்னும் பாய்க்கப்பலின் ஏடு வியப்புக்குரியது. 1845-ஆம் ஆண்டு மோரீசுக்கு அருகில் புயலில் அகப்பட்ட அக்கப்பல், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நாட்கணக்கில் ஓடிற்று. வெகுதூரம் வந்துவிட்டதாக மாலுமிகள் எண்ணியிருப்பர். பிடிங்டன் கணக்கிட்டுப் பார்க்கையில், செக்கு மாடுபோல் புயலின் நடுவத்தையே அது திரும்பத் திரும்பச் சுற்றி வந்திருந்தது. காற்று நேர்க்கோட்டில் வீசுவதன்று, வட்டமாய்ச் சுழல்கிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1848-இல் மாலுமிகளுக்கென அவர் ஒரு கைந்நூல் வெளியிட்டார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரைப் புயலுக்குத் தந்தவர் அவரே. நூலுடன், கொம்பைச் சீவிச் செய்த, ஒளி ஊடுருவும் இரு தகடுகளும் இணைந்திருந்தன. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே காற்று இடமாகவும் தெற்கே வலமாகவும் சுழல்வதால் பாதிக்கு ஒன்றாக இரண்டு. தகட்டை வரைபடத்தின்மேல் வைத்துக் காற்றின் திசைக்குப் பொருத்தினால் நடுவம் எப்பக்கம் என்பது தெரியும். வங்கக் கடலில் காற்றை எதிர்நோக்கி நில்லுங்கள். புயலின் நடுவம் ஏறக்குறைய உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத மாலுமியும் நினைவில் வைக்கத்தக்க விதி இது.

மாலுமிகள் கேட்டனர், ஆட்சியாளர் கேட்கவில்லை. ஹூக்ளி ஆற்றில் மணல் தூர்ந்துவருவதால் மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் அமைக்கும் யோசனை எழுந்தபோது, 1853-இல் டல்ஹௌசி பிரபுவுக்குப் பிடிங்டன் ஒரு திறந்த மடல் வரைந்தார். அவ்விடத்தில் நகரம் கட்டினால் என்றேனும் ஒரு நாள் புயலலை ஏறி அதனை மூடும் என்பது அதன் சாரம். மடல் மதிக்கப்படவில்லை. அவர் 1858-இல் காலமானார். துறைமுகம் எழுந்தது, கானிங் பிரபுவின் பெயர் சூட்டப்பட்டது, 1863-க்குள் அதற்கு இரயில் பாதையும் வந்து சேர்ந்தது. 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். அப்பொழுதும் கானிங்கைக் கைவிட மனம் வரவில்லை. 1867 நவம்பரில் மற்றொரு புயலலை வந்து, மடலில் கண்டவாறே, துறைமுகத்தைச் சிதைத்தது. சியால்தாவிலிருந்து கானிங் செல்லும் லோக்கல் வண்டிகளில் இன்றும் கூட்டத்துக்குக் குறைவில்லை. வண்டி சேரும் இடத்தில் அந்தத் துறைமுகந்தான் இல்லை.

1864-இன் பேரழிவுக்குப் பின் கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875-இல் இந்திய வானிலைத் துறையும் தோன்றிற்று. ஆயினும் கரையில் உள்ள அறிவு, கடலில் இறங்கிய கப்பலை எட்ட அன்று வழியில்லை. கம்பியில்லாத் தந்தி அப்போது பிறக்கவில்லை. 1887 மே 25 அன்று 'சர் ஜான் லாரன்ஸ்' என்னும் நீராவிக் கப்பல், ஒரிசாவின் சாந்த்பாலித் துறைக்குச் செல்லும் வழியில் புயலில் அகப்பட்டது. அதில் எழுநூறுக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். பூரி ஜகந்நாதனைத் தரிசிக்கப் புறப்பட்டவர்கள். புயல் மூண்டால் இத்தகைய கப்பல்களில் அலை உட்புகாதிருக்கத் தளத்தின் வாயில்களை மூடிவிடுவர். தொடுவானமும் காற்றும் மறைந்த இருளில், ஒருவர் வாந்தி ஒருவர் மேல் பட, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அவர்கள் கிடந்திருப்பர் என்றே நினைக்க வேண்டியுள்ளது. கப்பல் சேர வேண்டிய துறையைச் சேரவே இல்லை.

வங்க நாடு கலங்கிற்று. கவி இரவீந்திரர் இத்துயரைப் பொருளாகக் கொண்டு 'சிந்து தரங்கம்' என்ற கவிதையை இயற்றினார். யாத்திரிகரைக் கடலுக்கு அனுப்பாமல் பூரிக்கு இருப்புப் பாதை அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1897-இல் குர்தா ரோடிலிருந்து பூரிக்கு வண்டி ஓடிற்று. 1900-இல் கோதாவரிப் பாலமும் திறக்கப்படவே கீழைக் கடற்கரை முழுதும் தண்டவாளம் இணைந்தது. அதுவரை சென்னையிலிருந்து இந்நகருக்கு வந்த தமிழர், நாட்டைச் சுற்றிவரும் இரயிலை நாடாவிட்டால், வங்கக் கடலின் அலைகளையே நம்பியாக வேண்டியிருந்தது. இன்று மெயிலில் சாய்ந்து உறங்கியபடி மகாநதியைக் கடக்கும் நாம், தண்டவாளத்துக்குக் கிழக்கே உள்ள நீர்வழியை எண்ணுவதில்லை.

எல்லாத் தமிழருக்கும் இரயில் வழி கிட்டவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் சென்றோர்க்குக் கப்பலே கதி. 1926-இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' 1973 வரை அவர்களைச் சுமந்தது. ஆயிரக்கணக்கானோர் தளத்திலேயே பாய் விரித்துப் படுத்துச் சென்றனர். மயக்கத்துக்கு ஊறுகாயும் எலுமிச்சையுமே அவர்கள் கண்ட மருத்துவம். 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒவ்வாமைக்குக் கொடுத்த டிரமமைன் என்ற மாத்திரை பயண மயக்கத்தையும் தணிப்பது தற்செயலாகத் தெரியவந்தது. இக்காலத்து உல்லாசக் கப்பல்கள், செயற்கைக்கோள் காட்டும் புயலைப் பார்த்து, சேர வேண்டிய துறையையே மாற்றிக்கொண்டு விலகிச் செல்கின்றன. பிடிங்டன் கொம்புத் தகட்டைக் கொண்டு செய்யச் சொன்னதும் அதுவே.

'சர் ஜான் லாரன்ஸ்' கப்பலில் மறைந்தோர்க்கு ஹூக்ளிக் கரையில் சோட்டேலால் படித்துறையில் ஒரு நினைவுக் கல் பதிக்கப்பட்டது. அதனைப் பதித்தவர் ஆங்கிலப் பெண்மணிகள் சிலர். பெரும்பாலும் பெண்களாகிய யாத்திரிகர் என்றே அதில் பொறித்துள்ளனர். பெயர்ப் பட்டியல் இல்லை. நீராடச் செல்வோர் அதன் அருகே ஈரத் துணியைப் பிழிகின்றனர்.